எஸ்ஜிபிடி இறங்கினால் நோய் இறங்கியதா? கல்லீரல் கொழுப்பு நோயில் இரத்தப் புரதங்களின் சாட்சியம்

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் ரத்தப் பரிசோதனைத் தாளில் கண் முதலில் தேடுவது எஸ்ஜிபிடி அளவைத்தான். வரம்புக்குள் இருந்தால் நோய் அடங்கிவிட்டது, கூடியிருந்தால் முற்றிவிட்டது என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்தப் பிழைக்குக் காரணம் பரிசோதனை அன்று. அதனிடம் நாம் கேட்கும் கேள்வி. எஸ்ஜிபிடி கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய நொதிப் புரதம். செல் சிதையும்போது ரத்தத்தில் கசிகிறது. ஆகவே அது இன்றைய சிதைவைத்தான் சொல்லும். பல ஆண்டுச் சிதைவு விட்டுச்சென்ற வடுவைப் பற்றி அது பேசுவதில்லை. ஆனால் ஆயுளோடு நெருங்கிய தொடர்புடையது வடுதான். திசுப் பரிசோதனை செய்துகொண்டவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வுகள், அழற்சியைவிட இழைநார்ப் பெருக்கத்தின், அதாவது வடுவின், நிலையே மரணத்தை முன்னுணர்த்துவதாகக் காட்டின.

இந்த வேறுபாட்டை ஃபிப்-4 குறியீடு தெளிவாகக் காட்டும். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டும் உள்ளவர்களுக்காக 2006இல் வகுக்கப்பட்ட இது, இன்று கொழுப்பு நோயின் முதற்கட்டச் சல்லடை. வயதை எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையும் (ஆயிரங்களில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கலால் வகுக்கவேண்டும். வயது 50, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, தட்டணு 2 லட்சம் என்றால் விடை 1.25, ஐயமற்ற எல்லையான 1.3க்குக் கீழே. மற்றவை மாறாமல் எஸ்ஜிபிடி மட்டும் 25க்கு இறங்கட்டும்: விடை 2.0. தாளில் 'நார்மல்' என்று அச்சாகும் மாற்றம் குறியீட்டில் எச்சரிக்கையாகிறது. கணக்கின் விளையாட்டன்று இது. வடு பெருகும்போது எஸ்ஜிபிடி தணிவதும், எஸ்ஜிஓடியை ரத்தத்திலிருந்து அகற்றும் வேகம் குறைவதும், மண்ணீரல் வீங்கித் தட்டணுக்கள் சரிவதும் உடலிலேயே நிகழ்பவை.

வயதே எண்ணை உயர்த்திவிடுகிறதே என்ற மறுப்பு நியாயமானது. முதலில் சொன்ன அளவுகளோடு 70 வயதுக்காரர் 1.75 பெறுவார், அதனால்தான் 65ஐத் தாண்டியவர்களுக்கு எல்லையை 2.0 என்று உயர்த்தியிருக்கிறார்கள். 35க்குக் குறைந்த வயதில் இக்குறியீட்டை நம்புவதற்கில்லை. இன்னொரு மறுப்பு, இது பலரை வீணாக அச்சுறுத்தும் என்பது. ஆயிரம் பேரில் 50 பேருக்கு முற்றிய வடு இருப்பதாகவும், நோயுள்ளோர், இல்லாதோர் இரு தரப்பிலும் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக இனங்காணும் சோதனை ஒன்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 'இருக்கலாம்' என்று வரும் 230 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 40 பேரே. 'இல்லை' என்று வரும் 770 பேரிலோ தவறவிடப்படுபவர் 10 பேர். மறுப்பு உண்மைதான், ஆனால் அது சோதனையைத் தள்ளச் சொல்லவில்லை, விலக்குவதற்குப் பயன்படுத்தச் சொல்கிறது. ஐயம் எஞ்சுவோருக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி உண்டு. அல்லது கொலாஜன் உருவாகும்போது வெட்டப்படும் புரதத் துண்டு, கொலாஜன் கரைவதைத் தடுக்கும் டிம்ப்-1 புரதம், ஹயலுரானிக் அமிலம் மூன்றையும் அளக்கும் ஈஎல்எஃப் சோதனை உண்டு. இவை வடு உருவாகும் இடத்திலிருந்தே வரும் தடயங்கள்.

ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சொட்டு ரத்தத்தில் அளக்கும் காலத்தில் ஃபிப்-4 என்ற பழைய சூத்திரம் எதற்கு என்பார்கள். ஐரோப்பிய நோயாளிகளிடமிருந்து 2023இல் வெளிவந்த ஒரு பட்டியல் டிரெம்2, ஏகேஆர்1பி10 உள்ளிட்ட நான்கு புரதங்களுடன் உடல் பருமன் குறியீட்டையும் நீரிழிவையும் சேர்த்துக் கணிக்கிறது. ஆராய்ச்சி நேர்த்தியானது, எனக்கு உறுத்துவது அந்த உடல் பருமன். மேற்கு வங்கக் கிராமப்புறத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கல்லீரல் கொழுப்பு கண்டவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல் பருமன் குறியீடு 25க்குக் கீழே இருந்தது. மெலிந்த உடலில் வளரும் நோயை, பருமனை நோயின் அடையாளமாகக் கற்றுக்கொண்ட கணிப்பு குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு. மேலும், இத்தகைய பட்டியல்கள் உரசிப் பார்க்கப்படும் கல்லான திசுப் பரிசோதனை கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கை மட்டுமே காண்கிறது. ஆகவே புதிய பட்டியல் எதுவும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களிடம் அன்றி, எஸ்ஜிபிடி இயல்பாக உள்ள மெலிந்த நீரிழிவுக்காரர்களிடம் ஃபிப்-4ஐ வென்று காட்டவேண்டும். அதுவரை, தட்டணு எண்ணிக்கையும் இரண்டு நொதிகளும் அச்சான அதே தாளில் ஃபிப்-4 எண்ணையும் பரிசோதனைக்கூடங்கள் கணக்கிட்டுத் தருவதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.