சால்வையும் அந்துப்பூச்சியும்

தென்னாட்டில் பிறந்தவர்க்குக் கம்பளியாடை பழக்கமன்று. பட்டைப் பேணும் கலை நம் தாய்மார்க்குக் கைவந்தது. சால்வையைப் பேணும் கலையையோ வடக்கே குடியேறிய பின்னரே நாம் கற்றோம். நான் தில்லிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, கார்த்திகைக் குளிரில் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, என் ஒரே சால்வை சல்லடையாகக் கிடந்தது. விளக்கைச் சுற்றிய பூச்சிகளையெல்லாம் அன்றிரவு அடித்துத் தீர்த்தேன். அது வீண்பழி. கம்பளியைக் கெடுக்கும் அந்துப்பூச்சி வெளிச்சத்தை நாடாது, இருளில் ஒடுங்கும். சிறகு முளைத்த பின் அது உண்பதுமில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுவே குற்றவாளி. மயிர், இறகு, கம்பளி ஆகியவற்றிலுள்ள கெராட்டின் என்னும் பொருளைச் செரிக்க வல்ல உயிர்கள் மிகச் சில. அவற்றுள் இப்புழுவும் ஒன்று. பருத்தியை அது விரும்பாது. வியர்வையும் உணவுக் கறையும் படிந்திருந்தாலன்றிப் பட்டையும் பெரும்பாலும் தீண்டாது.

இப்பகையை நன்கு அறிந்தவர் காஷ்மீரத்தார். லடாக்கின் உயர்நிலத்து ஆடுகளின் மென்மயிரால் நெய்த சால்வை அரசர்க்குரிய பொருளாயிருந்தது. 1846-இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி குலாப் சிங் ஆங்கிலேயர்க்கு ஆண்டுதோறும் செலுத்த இசைந்த திறைப்பொருள்களில் மூன்று இணைச் சால்வைகளும் இருந்தன. இத்தகைய பொருளைப் புழுவுக்கு இரையாக விடுவார்களா? தம் மலையில் விளைந்த 'குத்' என்னும் மணமிக்க வேரைச் சால்வை மடிப்புகளிடையே வைத்தனர். இவ்வேர் நமக்கும் அயலானதன்று. பழந்தமிழர் எண்ணிய ஐவகை விரைகளில் ஒன்றான கோட்டம் இதுவே. மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் கிடைப்பதும் இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், சிந்து முகத்துவாரத்திலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் இதனையும் குறிக்கிறது. ஆனால் வேரை அகழ்ந்தால் செடியே மாளும். மிகுதியாக அகழ்ந்ததன் பயனாக, 1985-இல் உலக வாணிபம் கடுமையாகத் தடுக்கப்பட்ட அருஞ்செடிகளின் வரிசையில் இது சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற சால்வைகளோடு மற்றொரு தழையும் சென்றது. அதுவே பச்சௌலி. இப்பெயர் தமிழிலிருந்து வந்ததென்று ஆங்கில அகராதிகள் கூறும். நம் 'பச்சிலை' நினைவுக்கு வருகிறதன்றோ? பூச்சியை விலக்க இட்ட மணமே அங்கே சால்வையின் மெய்ம்மைக்குச் சான்றாயிற்று. போலிச் சால்வை நெய்த பிரெஞ்சுக்காரர் இம்மறையை உணர்ந்து, அத்தழையையே தருவித்துத் தம் சரக்குக்கு மணமூட்டினர் என்பர்.

பின்னர் வேதியியல் வந்தது. நிலக்கரித் தாரில் கிடைத்த ஒரு வெண்பொருளுக்கு 1821-இல் ஜான் கிட் நாப்தலீன் என்று பெயரிட்டார். நம் அந்துருண்டை பிறந்த கதை இது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாய நிறுவனமான கைகியில் 1925-இல் சேர்ந்த பால் முல்லர், கம்பளிக்கு அந்துக் காப்பு தேடும் ஆய்விலும் ஈடுபட்டிருந்தார். பூச்சிக்கொல்லிகளைத் தேடிய அவர் 1939-இல் டி.டி.டி.யின் ஆற்றலைக் கண்டார். 1944-இன் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் மக்களின் ஆடைகளில் அத்தூளைத் தூவிப் பேன் பரப்பும் டைபஸ் நோயைத் தடுத்தனர். 1948-இல் முல்லருக்கு நோபல் பரிசு கிட்டியது. அதே மருந்து பறவைகளுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சாவது பின்னரே தெரிந்தது. 1972-இல் அமெரிக்காவும், 1989-இல் வேளாண்மைக்கு மட்டும் இந்தியாவும் அதனை விலக்கின.

அந்துருண்டையிலும் எச்சரிக்கை வேண்டும். பரம்பரையான ஒரு நொதிக் குறையுள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; கைக்குழந்தையின் ஆடைப் பெட்டியில் அதை இடலாகாது. வேப்பிலையின் மணம் ஒருகால் பூச்சியை விலக்கலாம். உள்ளே குடிபுகுந்த புழுவைக் கொல்லாது. ஆகவே ஹோலிக்குப் பின் கம்பளியைக் கழுவி, வெயிலில் விரித்து, மடிப்பும் கழுத்துப்பட்டியும் தவறாது தூரிகையால் நீவி, காற்றுப் புகாத உறையில் கட்டிவைக்கும் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரின் முறையே எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

என் சால்வையை அவர் எறியவிடவில்லை. நஜீபாபாத்திலிருந்து வந்த ரஃபூகர் ஒருவரை அழைத்தார். முதியவர் திண்ணையில் அமர்ந்து, சால்வையின் ஓரத்திலிருந்தே இழைகளை உருவி, ஊசியால் ஒவ்வொரு துளையையும் நெய்து மூடினார். மாலையில் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தேன். எது புழு தின்ற இடம், எது தின்னாத இடம் என்று தேட வேண்டியிருந்தது.