விளைவும் அபாயமும்: கார்ப் பந்தய மோதல்களில் ஓட்டுநர் பொறுப்பை அளவிடுதல்

ஃபார்முலா 1 பந்தயத்தில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், முழுப் பொறுப்போ பெரும்பங்குப் பொறுப்போ ஓட்டுநர் ஒருவரைச் சாருமா என்பதையே பந்தய நடுவர்கள் முதலில் பார்க்கிறார்கள். சாராவிட்டால் அது பந்தயத்தில் இயல்பாக நேரும் மோதல், தண்டனை இல்லை. சாருமானால் தவற்றுக்குத்தான் தண்டனை, அதன் விளைவுக்கு அல்ல என்பது பொதுவாக அவர்கள் சொல்லும் நெறி. இந்த நெறி சரியானதே. ஆனால் விளைவை விலக்கும் நடுவர்கள் அதனுடன் அபாயத்தையும் சேர்த்து விலக்கிவிடுகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2021 ஜூலை 18 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில், அதிவேகமான காப்ஸ் வளைவில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் சற்று முன்னாலும் லூயிஸ் ஹாமில்டன் உட்புறத்திலும் நுழைந்தார்கள். ஹாமில்டனின் முன் இடது சக்கரம் வெர்ஸ்டாப்பனின் பின் வலது சக்கரத்தில் மோதியது. தடுப்பில் போய் மோதிய வெர்ஸ்டாப்பன் 51ஜி அதிர்வைத் தாங்கி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஹாமில்டன் வளைவின் உள்முனையைத் தொடும் பாதையில் வரவில்லை, உட்புறத்தில் அவருக்கு இடமிருந்தது என்று நடுவர்கள் கண்டார்கள். பெரும்பங்குப் பொறுப்பு அவருடையது என்று முடிவாகி, 10 விநாடித் தண்டனையும் 2 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்பட்டன. பந்தயத்தில் வென்றவரும் அவரே.

பொறுப்பு யாருடையது என்ற முடிவில் குறை காண முடியாது. அதே பந்தயத்தின் இறுதிக்கட்டத்தில், அதே வளைவில் ஷார்ல் லெக்லேரை முந்தும்போது ஹாமில்டன் உள்முனையை ஒட்டியே காரைச் செலுத்தினார், மோதல் நேரவில்லை. மாற்றுவழி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கேள்வி தண்டனையின் அளவைப் பற்றியது.

ஒருவர் மருத்துவமனையிலும் மற்றவர் வெற்றிமேடையிலும் இருப்பது அநீதி என்று அன்று பலர் கொதித்தார்கள். இந்தக் கோபம் தண்டனைக்கு அடிப்படையாகாது. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதித்த ‘அற அதிர்ஷ்டம்’ என்ற சிக்கல் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரே தவற்றைச் செய்த இருவரில் ஒருவரால் மோதப்பட்ட கார் சரளைக்கல்லில் நின்றுவிடலாம். மற்றவரால் மோதப்பட்ட கார் சுவரில் நொறுங்கலாம். இந்த வேறுபாடு ஓட்டுநரின் கையில் இல்லை.

ஆனால் நடுவர்களே இந்த நெறியில் உறுதியாக நின்றதில்லை. 2012 பெல்ஜியம் கிராண்ட் பிரீயின் தொடக்கத்தில் பல கார்களை மோதவைத்த ரொமெய்ன் குரோஜானுக்கு ஒரு பந்தயத் தடை விதித்தபோது, சாம்பியன் பட்டத்துக்கு முன்னணியில் இருந்தவர்கள் பந்தயத்தை இழந்ததையும் காரணமாகச் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் மான்சாவின் மெதுவான முதல் திருப்பத்தில் வெர்ஸ்டாப்பனின் கார் ஹாமில்டனின் கார்மீது ஏறியது. பெரும்பங்குப் பொறுப்பு வெர்ஸ்டாப்பனுக்கு. தண்டப் புள்ளிகள் அங்கும் 2தான். ஆனால் அவர் பந்தயத்திலிருந்து விலகிவிட்டதால் விநாடித் தண்டனைக்கு வழியில்லை. அடுத்த பந்தயத்தின் தொடக்க வரிசையில் 3 இடங்கள் பின்தள்ளப்பட்டார். தவறிழைத்தவரின் கார் தொடர்ந்து ஓடியதா நின்றதா என்ற தற்செயலே தண்டனையின் வடிவத்தை முடிவுசெய்தது. வாசலில் தடுத்த விளைவு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

விளைவு வேறு, அபாயம் வேறு. விளைவு மோதலுக்குப் பின் தெரிவது. அபாயம் மோதலுக்கு முன்பே தெரிந்தது. காப்ஸ் வளைவின் வேகம், தடுப்பு இருக்கும் தொலைவு, முதல் சுற்றின் நெரிசல் ஆகியவை வளைவுக்குள் நுழையும் எந்த ஓட்டுநருக்கும் தெரியும். தெரிந்தே எடுத்த முடிவுக்கு அவர் பொறுப்பாவதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை.

உள்நோக்கமே உண்மையான அளவுகோல் என்று ஒரு மறுப்பு எழலாம். 1997 ஹெரெஸ் பந்தயம் அதற்கு வலுச் சேர்க்கும். மோதப்பட்ட ஜாக் வில்நவ் தொடர்ந்து ஓட்டிப் பட்டம் வென்றார். ஆயினும் வேண்டுமென்றே மோதியதாகக் கருதப்பட்ட மைக்கேல் ஷூமாக்கர் அந்த ஆண்டின் தரவரிசையிலிருந்தே நீக்கப்பட்டார். ஆனால் 1990 சுசூகாவின் முதல் வளைவில் அலைன் புரோஸ்ட்டின் கார்மீது மோதிய அயர்ட்டன் சென்னா தண்டனை பெறவில்லை. அது வேண்டுமென்றே செய்தது என்று அடுத்த ஆண்டு அவரே சொன்னார். உள்நோக்கத்தை உறுதிசெய்யப் பெரும்பாலும் ஓட்டுநரின் வாக்குமூலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அபாயத்தை உறுதிசெய்ய காரின் வேகப் பதிவும் தடத்தின் வரைபடமும் போதும்.

அபாயத்தை எடைபோட்டால் தீர்ப்புகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது இன்னொரு மறுப்பு. முன் அச்சு எதிராளியின் கண்ணாடிக்கு நேராக வந்ததா என்பது போன்ற வழிகாட்டு விதிகள் இந்தச் சீரின்மையைக் குறைக்கவே வந்தன. அவை வளைவு யாருக்கு உரியது என்பதைச் சொல்லும். அந்த உரிமையை மீறியது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லா. எனவே ஒவ்வொரு தடத்தின் வளைவுகளையும் வேகம், தடுப்பின் தொலைவு ஆகியவற்றைக் கொண்டு பந்தயத்துக்கு முன்பே தரம் பிரித்து, தண்டனையின் அளவை அறிவித்துவிடலாம். தண்டனையை இந்தப் பந்தயத்திலோ அடுத்த பந்தயத்திலோ, ஒரே எடையுள்ளதாக நிறைவேற்றலாம். அப்படிச் செய்திருந்தால், வெர்ஸ்டாப்பன் அன்று சிராய்ப்பின்றித் தொடர்ந்து ஓட்டியிருந்தாலும் ஹாமில்டனின் தண்டனை 10 விநாடிகளைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்; வெர்ஸ்டாப்பன் மருத்துவமனைக்குப் போனதால் அது மேலும் ஒரு விநாடிகூட ஏறியிருக்காது.