காட்டின் எல்லையும் விலங்கின் எல்லையும்

தாமான் நெகாரா தேசியப் பூங்காவை இன்று சுற்றுலாத் தலமாகவே பலரும் அறிவர். அது வரைபடத்தில் இடம்பெற்ற வரலாற்றை நம் மாணவர்கள் அதிகம் அறியார். அதற்குப் பெரிதும் காரணமானவர் தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர். அவர் தோட்ட முதலாளியாக இருந்தவர், கைதேர்ந்த வேட்டைக்காரர். யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடியது பற்றி 1905இல் நூலே எழுதியவர். அவரே பின்னாளில் அவற்றின் காவலரானார்.

அந்நாளில் ரப்பர்த் தோட்டங்கள் தாழ்நிலக் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்தன. (காட்டை அழித்துப் பால்மரம் நட்டோருள் நம் முன்னோரும் உண்டு, அதை மறைப்பானேன்?) பயிரை நாடி வந்த விலங்குகள் சுடப்பட்டன. வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பேற்ற ஹப்பேக், பலரிடம் சாட்சியம் கேட்டு, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை அளித்தார். பின்னர் 1938-39இல் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் சட்டமியற்றி, 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கின. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவே விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா ஆயிற்று.

ஆயினும், மனிதன் வகுத்த எல்லையை விலங்கு அறியுமோ? வளர்ந்த இளம்புலி தனக்கென வேறிடம் தேடிப் புறப்படும். வெளியே காடு துண்டுபட்டிருந்தால் பூங்கா ஒரு தீவுதான்.

ஹப்பேக்கிற்குக் கிடைத்தவை கண்டோர் கூற்றும் காலடித் தடமுமே. இன்றோ, மரத்தில் கட்டிய கேமராக்கள் தாமே படமெடுக்கின்றன. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு இரா. ஆதலால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணலாம். விலங்கு தென்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்து, நிலத்தின் உயரம், மர அடர்த்தி, ஆறு, சாலையின் தூரம் ஆகியவற்றோடு பொருத்தி, அது வேறெங்கெல்லாம் வாழக்கூடும், எவ்வழியே கடக்கக்கூடும் என்று கணினி கொண்டு கணிக்கின்றனர். எனினும், அப்படம் காட்டுவது வாழத்தக்க இடத்தையே. விலங்கு அங்கே வாழ்கிறது என்பதையன்று. வேட்டைக்காரன் வைத்த கம்பிக் கண்ணி எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது.

1950களில் மலாயாவில் 3,000 புலிகள் இருந்தன என்பர். அது எண்ணிக் கண்டதன்று, மதிப்பீடே. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்போ 150க்கும் குறைவு என்றது. சுமத்திராக் காண்டாமிருகத்துக்கு அந்த எண்ணும் வாய்க்கவில்லை. மலேசியாவின் கடைசி ஒன்று 2019இல் சபாவில் இறந்தது.

தனித்தனிக் காடுகளை இணைக்கும் எண்ணம் 2005ஆம் ஆண்டின் தேசிய நிலத் திட்டத்தில் உருப்பெற்றது. பின்னர் 37 இணைப்பிடங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பகாங்கின் சுங்கை யூ. தித்திவங்சா மலைத்தொடரும் தாமான் நெகாராவும் நெருங்கும் குறுகிய இடம். கோலாலிப்பிசிலிருந்து குவா மூசாங் செல்லும் சாலை அங்கே பாலங்களின் மேல் ஏறிச் செல்கிறது. அடியில் உள்ள வழி விலங்குகளுக்கு விடப்பட்டிருக்கிறது.