குறைந்த செலவில் பிறந்த கௌபாய் உலகம்

செராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் பாலஸ்டியர் சாலையை அடைகிறோம். அதிலிருந்து பிரியும் சிறு தெரு ஜாலான் அம்பாஸ். அங்கே ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் 1947 முதல் 1967 வரை இயங்கிற்று. சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்களும் அங்குப் பணியாற்றினர்.

அந்நிலையத்தில் உருவாகி 1962-ஆம் ஆண்டு வெளிவந்த நகைச்சுவைப் படம் 'லாபு டான் லாபி'. கருமியான முதலாளியிடம் ஊழியம் செய்யும் சமையற்காரர் ஒருவர், காரோட்டி ஒருவர். இரவானால் இருவரும் தங்களைப் பெரிய மனிதர்களாகக் கற்பனை செய்து மகிழ்கின்றனர். அக்கற்பனைகளுள் ஒன்றில் அமெரிக்கக் கௌபாய் ஊருக்கே போய்விடுகின்றனர்! படத்தை இயக்கி, காரோட்டியாக நடித்தவர் பி. ரம்லி. சிங்கப்பூர் வேலைக்காரரின் கனவில் டெக்சஸ் மாநிலத்து மாட்டுக்காரன் புகுந்தது எப்படி?

உண்மைக் கௌபாயின் காலம் மிகக் குறுகியது. 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், டெக்சஸிலிருந்து கான்சஸ் மாநிலத்து ரயில் நிலையங்களுக்குக் கால்நடைகளை ஓட்டிச் சென்ற கூலியாட்களே கௌபாய்கள். கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் அவர்களுள் பலர். புதிய ரயில் பாதைகளும் முள்கம்பி வேலிகளும் பரவவே, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அந்த நெடும்பயணங்கள் ஓய்ந்தன.

தொழில் மறைந்தது, கதை வளர்ந்தது. 1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ரயில் கொள்ளைப் படம் ஓடிய நேரம் சுமார் பன்னிரண்டு நிமிடமே. 1930-களின் பொருளாதார மந்தத்தில், ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. அந்த இரண்டாவது படத்தை மலிவாக எடுத்துத் தர, 1935-இல் தொடங்கிய ரிபப்ளிக் முதலிய நிறுவனங்கள் முன்வந்தன. ஒரு மணி நேரப் படம். சில நாட்களில் படப்பிடிப்பு. பல படங்களுக்கு அதே குன்று, அதே தெரு. முன்பு எடுத்த குதிரைத் துரத்தலே மீண்டும் வரும்.

இந்த ஏழ்மையே அதன் பலமாயிற்று என்று நாம் கருதலாம். அரண்மனை வேண்டாம், வெயிலுக்கும் மலைக்கும் வாடகை இல்லை. சட்டம் எட்டாத ஊர், கொள்ளையர் கூட்டம், நீதி கேட்க வரும் ஒருவன், இவ்வளவே கதை. வசனம் புரியாதவருக்கும் இது புரியும். பல மொழி பேசும் சிங்கப்பூர் போன்ற நகருக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது?

எளிய சரக்காதலால் பிறரும் எடுத்துக்கொண்டனர். ஜப்பானியர் குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) கதையைத் தழுவி, இத்தாலியரான செர்ஜியோ லியோனி 1964-இல் ஸ்பெயின் நாட்டில் சுமார் இரண்டு லட்சம் டாலர் செலவில் ஒரு கௌபாய் படம் எடுத்தார். அது உலகப் புகழ் பெற்றது. தமிழில் ஒளிப்பதிவாளர் எம். கர்ணன், ஜெய்சங்கரைக் கொண்டு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) ஆகியவற்றை இயக்கினார். நம் கதாநாயகனும் தொப்பி அணிந்து குதிரை ஏறினான்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. பழைய ஹாலிவுட் படங்கள் பலவற்றில், தம் நிலத்தைக் காக்கப் போராடிய செவ்விந்தியர்கள் கொடியவர்களாகவே காட்டப்பட்டனர். கறுப்பினக் கௌபாய்கள் திரையிலிருந்து பெரும்பாலும் மறைந்தனர். அந்நியர் ஆட்சியை அறிந்த நாம், கொட்டகை இருளில் அந்நிலத்தை இழந்தவர்களுக்கு எதிராகக் கைதட்டினோம்.

எனவே அப்படங்களில் உமியும் உண்டு, மணியும் உண்டு. வென்றவர் எழுதிக்கொண்ட வரலாறு உமி. அதைப் புடைத்து நீக்குவோம். வலியவன் கையிலிருந்து எளியவனுக்கு நீதி வேண்டும் என்ற ஆசை மணி. ஜாலான் அம்பாஸ் படத்து வேலைக்காரர்கள் கனவில் தேடியதும் அந்த மணியைத்தான்.