ஃப்ரீசருக்குள் தேதி வந்த கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் அம்மா ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு பாக்கெட். ஒன்று பச்சைப் பட்டாணி, தேதி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று சிக்கன் நக்கெட்ஸ், அதற்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. பட்டாணி குப்பைக்குப் போனது. சிக்கன் மறுபடி ஃப்ரீசருக்குள் போனது. அந்த வாரமே பொரித்துச் சாப்பிட்டோம். தம்பிக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல். அந்தத் தேதிக்கு என்னதான் அர்த்தம் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது ஒரு நல்ல சரித்திரம்.

1912-ல் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கனடாவின் லாப்ரடார் பகுதிக்குப் போனார். அங்குள்ள இனுயிட் மக்கள் கடும் குளிரில் மீன் பிடிப்பார்கள். வெளியே எடுத்த மீன் சீக்கிரமே உறைந்துவிடும். பல வாரம் கழித்துச் சமைத்தாலும் புது மீன் போலவே ருசி. காரணம் இதுதான்: மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு.

ஊர் திரும்பியவர் இதை இயந்திரத்தில் செய்து காட்டினார். 1929-ல் அவருடைய தொழில் 2 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதில் 2 கோடி காப்புரிமைக்கும் வணிகப் பெயருக்கும், மீதி 20 லட்சம்தான் மற்ற சொத்துக்கு. பி.காம் நண்பர்களே, இன்டாஞ்சிபிள் அசெட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது :-) 1930 மார்ச் 6-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் 18 கடைகளில் விற்பனை தொடங்கியது.

சரி, தேதிக்கு வருவோம். 1948-ல் அமெரிக்க விவசாயத் துறையின் கலிஃபோர்னியா ஆல்பனி ஆய்வுக்கூடத்தில் ஒரு நீண்ட ஆராய்ச்சி ஆரம்பமானது. உறைய வைத்த உணவை வெவ்வேறு குளிர்நிலையில் வைத்து, நிறம், ருசி, வைட்டமின் சி எவ்வளவு நாளில் குறைகிறது என்று பார்த்தார்கள். இன்று நாம் பாக்கெட்டில் பார்க்கும் மைனஸ் 18 டிகிரி என்ற அளவு நிலைபெற அந்த ஆய்வு பெரிய காரணம். கவனியுங்கள், அவர்கள் அளந்தது தரத்தை.

அந்தக் காலத்தில் பாக்கெட்டில் இருந்ததும் நமக்குப் புரியாத ரகசியக் குறியீடுதான். பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்று கடைக்காரருக்காகப் போட்டது. நாம் படிக்கும் ஃபிஃபோ முறையேதான். 1970-களில் வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு எல்லோருக்கும் புரியும் தேதி பரவலானது. 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் இதை ஆராய்ந்து, தேதி போடுவதால் கிருமிப் பாதுகாப்பு பெரிதாகக் கூடவில்லை என்று சொன்னது. மைனஸ் 18 டிகிரியில் விடாமல் இருந்த உணவு காலவரையின்றிப் பாதுகாப்பானது, ருசிதான் குறையும் என்பதே அந்நாட்டு அரசின் இன்றைய அறிவுரையும்.

அப்படியானால் தேதியை மறந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் லிஸ்டீரியா கிருமி 47 பேரைத் தாக்கி 9 பேர் இறந்தார்கள். உறைய வைத்த சோளத்திலிருந்து பரவியது. அங்கே பிரச்சினை தேதி அல்ல, தொழிற்சாலையிலேயே கிருமி ஏறியிருந்தது. அதேபோல 'யூஸ் பை' தேதி தாண்டிய பிறகு ஒன்றை ஃப்ரீசரில் வைத்தால், கெட்டது நல்லதாகிவிடாது.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எங்களுக்கு மூன்று நாள். பட்டாணியைக் கொட்டியது சரி, ஆனால் காரணம் தப்பு. சிக்கனை வைத்துக்கொண்டது முழுத் தப்பு. பாக்கெட்டில் அச்சடித்த தேதிக்குக் கரண்ட் போனது தெரியாதே!

இப்போது எங்கள் ஃப்ரீசரில் ஒரு டம்ளர் ஐஸ் இருக்கிறது, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. உள்ளே இறங்கியிருந்தால் நாங்கள் இல்லாதபோது ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தேதியைவிட அம்மா இப்போது அந்த நாணயத்தைத்தான் முதலில் பார்க்கிறார். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்களும் ஒன்று வைத்துப் பாருங்கள், செலவு ஒரே ஒரு ரூபாய்தான்.