மூளைக்குள்ள ரெண்டு அம்மா

போன மார்ச்சில அப்பாவோட தலை ஸ்கேன் ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. 'சப்டியூரல் ஹிமடோமா'. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மூணு வாரம் ஆகியிருந்தது, நடை தள்ளாட ஆரம்பிச்சிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்து 'டியூரல்'னா என்னன்னு தேடினேன். வேற எதையும் யோசிக்கப் பயம்.

மூளையைச் சுற்றி மூன்று சவ்வுகள். வெளியே தடிமனாக இருப்பது டியூரா மேட்டர். அதுக்குக் கீழே ரத்தம் தேங்கினா சப்டியூரல். லத்தீனில் 'டூரா' என்றால் கடினமான. 'மாட்டர்' என்றால், நம்ம ஊர் மேட்டர் இல்லை, அம்மா! மூளையை ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வு பியா மேட்டர், இன்னொரு அம்மா. நடுவில் இருக்கிற சிலந்திவலைச் சவ்வு வேற கதை, விடுங்க.

மண்டைக்குள்ள அம்மாவுக்கு என்ன வேலை?

2ஆம் நூற்றாண்டில் கேலன் கிரேக்கத்தில் எழுதினப்போ அம்மா யாரும் கிடையாது. 'மெனிங்ஸ்', வெறும் சவ்வு. மெனிஞ்சைட்டிஸ் அதிலிருந்து வந்ததுதான். அந்த அறிவு அரபிக்குப் போனப்போதான் சவ்வு 'உம்ம்' ஆச்சு, அதாவது அம்மா. ஒரு பொருளுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள தொடர்பை அரபியில் அம்மா, அப்பா, பிள்ளைன்னு உறவு வச்சுச் சொல்றது வழக்கம். நாம 'தாய்ப்பத்திரம்'னு சொல்றோமே, அப்படி.

10ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் அலி இப்னு அல்-அப்பாஸ் அரபியில் ஒரு பெரிய மருத்துவ நூல் எழுதினார். அதுக்கு ஏற்கெனவே இருந்த லத்தீன் வடிவம் சரியில்லைன்னு குறை சொல்லிட்டு, 1127 வாக்கில் அந்தியோக்கியாவில் ஸ்டீஃபன் என்பவர் புதுசா மொழிபெயர்த்தார். பழைய கோடைத் திட்டிக்கிட்டே ரீரைட் பண்ற ஆளு, எனக்கு நல்லாத் தெரிஞ்ச கேரக்டர். 'உம்ம்' வந்த இடத்தில் 'மாட்டர்'. அதுகூடப் பரவாயில்லை. 'மெல்லிய' என்ற அரபுச் சொல்லுக்கு அவர் போட்டது 'பியா'. லத்தீனில் அதுக்குப் பக்தியுள்ள, பாசமுள்ளன்னு அர்த்தம். மெல்லிய சவ்வு, பக்தியுள்ள அம்மா ஆயிடுச்சு. கிட்டத்தட்ட 900 வருஷமா அந்த பக் ப்ரொடக்‌ஷன்ல ஓடிட்டிருக்கு. யாரும் கை வைக்கலை.

அப்பா இப்ப நல்லா இருக்கார். இதைச் சொன்னப்போ, "அப்போ என் மண்டையில ஓட்டை போட்டதோட விடாம, அம்மாவையும் கீறிட்டாங்களாடா?"ன்னு கேட்டார்.

ஆமாப்பா. ரத்தம் அவளுக்குக் கீழதானே இருந்துச்சு.