மைசூர் ஜாவா: எளிமையின் விலை

1960களின் தொடக்கத்தில் மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை, செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பில் டூ ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள்களை உற்பத்தி செய்தது. 1973 முதல் அவை யெஸ்டி எனப் பெயர் பெற்றன. புதுவண்டி வாங்கியவர் பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலக்கக் கற்றார். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகும். மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். வால்வுகள் இல்லாததால் எஞ்சின் எடை குறைவு, பழுதுபார்ப்பது எளிது. கரடுமுரடான பாதைக்கு ஏற்றது.

அந்த எளிமையே பின்னர் பகையாயிற்று. சிலிண்டருக்குள் புதுக்கலவை நுழையும்போதே புகைபோக்கும் துளையும் திறந்திருப்பதால், ஒரு பகுதி எரியாமலே வெளியேறியது. 1990களில் மாசு விதிகள் இறுகின. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் எரிபொருள் சிக்கனமும் வாங்குவோரை ஈர்த்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. இதன் வரலாற்றை எழுதுவோர், வேலையிழந்த தொழிலாளரையும் தெருவில் புகையைச் சுவாசித்தோரையும் ஒருங்கே கணக்கில் கொள்ளவேண்டும்.